சுவருக்காக வாங்கிய ஆம்ப்ளிஃபயர்

ரிசீவர் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் முதலில் பெட்டியில் போட்டிருக்கிற வாட்ஸைத்தான் பார்க்கிறார்கள். அது தப்பு, தம்பி சுகுமாறன். முதலில் பார்க்க வேண்டியது சுவரை.

அன்றைக்கு கேட் பக்கம் நின்று, "அங்கிள், உங்க வீட்டுல பெரிய சவுண்டு செட்டு இருக்கே, எந்த ரிசீவர் எடுக்கலாம், ஆம்ப் தனியா வேணுமா, ஐடியா கொடுங்களேன்" என்று கையையும் வாயையும் சேர்த்து ஆட்டிக் கேட்டீர்கள். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். மரியாதை தெரியாத கிழவன் என்று உங்கள் வீட்டுப் பிள்ளை லோஷினி சொல்லியிருக்கும். காரணம் அது இல்லை. என் குரல் எவ்வளவு சத்தமாக வருகிறது என்று எனக்கே தெரியாது. நான் ரகசியம் பேசினால் தெரு முனை ஒட்டுக்கடை வரைக்கும் கேட்கிறதாம். அதனால் எழுதித் தருகிறேன். எனக்கு எழுத்து வந்ததே தலை நரைத்த பிறகுதான். நிதானமாகத்தான் வரும். நீங்களும் நிதானமாகப் படியுங்கள்.

நீங்கள் குடி வந்திருக்கிற வீட்டில் முன்பு இருந்தவர் தம்பிராஜா சார். அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். அந்த ஹாலில், என் வீட்டுப் பக்கச் சுவரோரமாக, தரையில் கிடந்து செத்துப்போனார். வீட்டு ஏஜெண்ட் இதைச் சொல்லியிருக்க மாட்டான். பக்கத்து வீட்டுக் காளியப்பன், அதாவது நான், செவிடு, பாவம், அவனுக்குக் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஓடிப் போயிருப்பான் என்று இந்தத் தாமான் குடியிருப்பில் பேசிக்கொள்வார்கள். அவர் எப்படிச் செத்தார் என்பதையும் நீங்கள் எந்த ரிசீவர் வாங்க வேண்டும் என்பதையும் நான் ஒன்றாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரித்துச் சொல்ல எனக்கு வரவில்லை.

முதலில் சுவர். உங்கள் ஹாலுக்கும் என் ஹாலுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல். நம்ம ஊர் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலைகள் வந்த காலத்தில் மலிவு வீடு என்று அவசரத்தில் கட்டினது. மேல் சத்தத்தை, அதாவது பேச்சு, மணி, குழந்தை அழுகை, இதையெல்லாம் ஓரளவு தடுக்கும். அடிச் சத்தத்தை, அதாவது இடி, முழக்கம், இதைத் தடுக்காது. அடிச் சத்தம் காற்றில் போகிற சரக்கு இல்லை. அது கல்லுக்குள் இறங்கி அந்தப் பக்கம் எழுந்திருக்கும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் காதும் அந்தச் சுவர் மாதிரிதான். சாஆ என்கிற ஊர்ப் பக்கம் தோட்டத்தில் பிறந்து, செம்பனை வெட்டி, பிறகு இங்கே கப்பல் பழுது பார்க்கிற இடத்துக்குக் கொன்ட்ரேக் வேலைக்கு வந்தேன். கப்பலின் இரும்பு வயிற்றுக்குள் போய், காற்றுச் சுத்தியலால் துருவைத் தட்டி எடுக்கிற வேலை. இரும்பு டிரம்முக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே பத்துப் பேரை விட்டு அடிக்கச் சொன்னால் எப்படி இருக்கும், அதுதான் வேலை. முதலில் பறவைகள் போயின. அப்புறம் கோயில் மணி. அப்புறம் என் பெண்டாட்டி புஷ்பவள்ளியின் குரல். மிச்சம் இருப்பது லோரியும் இடியும்தான். கிட்டே வந்து தடித்த குரலில் பேசினால் கொஞ்சம் கிடைக்கும், மீதியை உதட்டில் பார்த்துக்கொள்வேன்.

அந்தச் சுவரில் ஒரு பழக்கம் இருந்தது. அதை ஆரம்பித்தது சாரின் மனைவி அன்னபாக்கியம் அக்கா. அவர்கள் சிலோன்காரர்கள், நாங்கள் தோட்டத்துக்காரர்கள். ஆனாலும் இரண்டு பொம்பளைகளும் நன்றாகப் பழகினார்கள். குழம்பு ஏதும் கொடுக்க வேண்டுமென்றால் அக்கா சுவரைத் தட்டும். இரண்டு தட்டு வேகமாக, ஒரு தட்டு நிதானமாக. வள்ளி அதே மாதிரி திருப்பித் தட்டும். திருப்பித் தட்டினால் "வந்துட்டேன்" என்று அர்த்தம். அதற்கப்புறம் அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வேறு யாரையும் கூப்பிட வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். ஒரு தடவை அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தபோதும் அப்படித்தான். தட்டினது. வள்ளி திருப்பித் தட்டிவிட்டு ஓடினது.

முதலில் அக்கா போனது. பிறகு வள்ளி போனது. சார் என்னிடம் வந்து, "காளியப்பா, இனி இந்தச் சுவருக்கு ரெண்டு பக்கமும் நாங்கள் ரெண்டு கிழவன்தான். எனக்கு ஏதும் எண்டால் தட்டுறன். உனக்குக் காது கேக்காது, ஆனா முதுகில தெரியும்தானே" என்றார். அவர் வீட்டு கிரில் கதவுச் சாவி ஒன்றை என்னிடம் கொடுத்தார். நான் என் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொண்டேன். அவருக்குச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் இருந்தது. மகள் தர்மினி சிங்கப்பூரில் நல்ல வேலை. சனிக்கிழமைகளில் பாலம் தாண்டி வரும்.

இதுவரைக்கும் படித்தால் நாங்கள் நல்ல சிநேகிதர்கள் மாதிரி தோன்றும். ஊரும் அப்படித்தான் நினைத்தது.

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். நானாகப் போய்க் கேட்டேன். வேலை இடத்தில் எல்லாத் தாளிலும் கட்டைவிரலை அமுக்கி அமுக்கி எனக்கு வெறுத்துப் போயிருந்தது. சாயங்காலம் அவர் வீட்டு முன்னால் பழைய பேப்பரை விரித்து, தலைப்பு எழுத்தைக் காட்டி, "வாசி" என்பார். பொறுமையாகத்தான் சொல்லிக் கொடுத்தார். அதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொடுத்ததைக் கொடுத்த இடத்தில் விட்டுவிட அவருக்குத் தெரியவில்லை.

ஒட்டுக்கடையில் நான் பேப்பரைப் பிரித்தால் போதும். "பாருங்கோ, பாருங்கோ, என்ர ஸ்டூடண்ட்" என்பார். கோயில் திருவிழாக் கூட்டத்தில் என்னை எழுப்பி நிறுத்தி, நோட்டீஸை வாசிக்கச் சொன்னார். எனக்கு என் குரல் கேட்காது. நான் கத்தியிருக்கிறேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது எனக்குத் தெரிந்தது. அவரும் சிரித்தார், கை தட்டினார். "அறுபதை நெருங்கேக்க ஆனா ஆவன்னா எழுதினவன். கையைப் பிடிச்சு நான் எழுத வச்சன்." பல் கட்டிவிட்ட டாக்டர் மாதிரி என் வாயைத் திறந்து திறந்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தார். தெருவில் போகிறவன் எல்லாம் என்னைப் பார்த்து, "என்ன ஸ்டூடண்ட், ஹோம்வர்க் முடிச்சாச்சா?" என்று கேட்டான். கப்பலில் எனக்குக் கீழே வேலை செய்த தங்கராஜு, நேற்று வந்த பயல், அவனும் கேட்டான்.

இதற்கெல்லாம் ஒருவன் கொலைகாரன் ஆகிவிட மாட்டான். நானும் ஆகவில்லை. சும்மா சொல்கிறேன்.

வள்ளி செத்த அன்றைக்கு நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். விடிய விடிய உட்கார்ந்து அவளுக்கு நான் நாலு வரி எழுதியிருந்தேன். அவள் உயிரோடு இருந்த காலத்தில் அவள் பேர் எழுதக் கூட எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு எழுதிக் காட்ட வெட்கம். அதனால் அந்த நாலு வரிதான். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் தாளை எடுத்துக்கொண்டு நான் எழுந்து நின்றேன். சார் பக்கத்தில் வந்து தோளில் கை வைத்து, தாளை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். "வேண்டாம் காளியப்பா. நீ கத்துவாய். சனம் சிரிக்கும். நான் வாசிக்கிறன்."

அவர் வாசித்தார். அழகாக வாசித்திருப்பார். பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்து அழுதார்கள். ஆம்பளைகள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாசிக்கும்போது அவர் வள்ளியின் பக்கம் திரும்பி நின்றார், அதனால் உதட்டைக் கூட என்னால் பார்க்க முடியவில்லை. என் பெண்டாட்டிக்கு நான் எழுதினதை அங்கே இருந்த எல்லாரும் கேட்டார்கள். நான் கேட்கவில்லை.

அப்புறம் அந்தத் தாளை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஞாபக மறதியாக இருக்கலாம். நான் கேட்கவில்லை, அவரும் கொடுக்கவில்லை.

சரி, ரிசீவர்.

காது போனதற்கு எனக்குக் கொஞ்சம் நஷ்டஈடு வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜோகூர் பாருவில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிறவன் ரூபேந்திரன், நம்ம ஆள், விஷயம் தெரிந்தவன்.

"அங்கிள், படம் பாக்கவா, பாட்டுக் கேக்கவா?" என்றான்.

"எனக்குக் காது அவ்வளவாக் கேக்காது தம்பி."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "அப்ப எதுக்குலா இவ்வளவு பெரிய செட்டு?"

"நெஞ்சுல தெரியணும். சுவர்ல தெரியணும்."

"ஓ, பாஸ் வேணும், அடிச் சத்தம்" என்றான். சந்தோஷமாகிவிட்டான். பாஸ் வேண்டும் என்று சொல்கிறவனைக் கடைக்காரர்களுக்குப் பிடிக்கும்.

அவன் சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன். ரிசீவர் என்பது தலை. படத்தின் சத்தத்தை வாங்கி, முன்னால் இது, பின்னால் இது என்று ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதற்குள்ளேயே ஒரு ஆம்ப்ளிஃபயர் இருக்கும், ஆனால் எல்லா ஸ்பீக்கரையும் ஒரே நேரத்தில் தள்ளச் சொன்னால் அதற்கு மூச்சு வாங்கும். பெட்டியில் போட்டிருக்கிற வாட்ஸ் ஒரே ஒரு ஸ்பீக்கரைத் தள்ளும்போது எடுத்த கணக்காகக் கூட இருக்கலாம். அதனால் முதலில் ஸ்பீக்கரை எடுங்கள், அது எத்தனை ஓம், அதாவது மின்தடை எவ்வளவு, என்று பாருங்கள். எட்டு என்றால் லேசு. நாலு என்றால் அது அதிகம் சாப்பிடும், சின்ன ரிசீவர் சூடேறிப் படுத்துவிடும். பலம் உள்ள ஆம்ப் ஸ்பீக்கரை எரிக்கும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. பலம் இல்லாத ஆம்ப்தான் திணறித் திணறி ஸ்பீக்கரை எரிக்கும். பலம் உள்ளது அலட்டிக்கொள்ளாது. மெதுவாகத்தான் வேலை செய்யும், ஆனால் நின்று செய்யும்.

"உக்காருங்க அங்கிள், போட்டுக் காட்டுறேன்" என்று சோபாவைக் காட்டினான்.

"நீ போடு. நான் பக்கத்துக் கடையில நின்னு பாக்குறேன்."

"எல்லாரும் இங்க உக்காந்துதான் பாப்பாங்க அங்கிள்."

"நான் அந்தப் பக்கம் நின்னு பாக்குறேன்லா."

பக்கத்துக் கடை தையல் கடை. தனலெட்சுமி என்று ஒரு அம்மா. நான் உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.

"யாருண்ணே நீங்க? என் சுவரைத் தடவிக்கிட்டு நிக்கிறீங்க?"

"ரேடியோ வாங்க வந்தேம்மா."

"ரேடியோவை அங்கல்ல விக்கிறான்? இங்க ரவிக்கைதான் இருக்கு. உங்களுக்குப் போட்டுப் பாக்கணுமா?"

முதல் ரிசீவருக்குப் பூனை முதுகை உரசின மாதிரி இருந்தது. இரண்டாவது, கொஞ்சம் பெரியது, தூரத்தில் லோரி போகிற மாதிரி. மூன்றாவதாக, பின்னால் தனி ஆம்ப் மாட்டுகிற துளை உள்ள நடுத்தர ரிசீவர் ஒன்றை எடுத்து, கனத்த ஆம்ப் ஒன்றைச் சேர்த்து, ஆளுயர ஸ்பீக்கர் இரண்டையும் அடிச் சத்தத்துக்கென்றே உள்ள ஒரு சப்வூஃபரையும் போட்டான். கண்ணாடி அலமாரி நடுங்கினது. தையல் மேசையிலிருந்து ஊசிப் பெட்டி விழுந்து சிதறினது.

"அலமாக்! விரல்ல குத்திருச்சு. அந்த ரூபேந்திரன் பயலுக்கு இன்னைக்கு இருக்கு! தலைக்குள்ள யாரோ உரல் இடிக்கிற மாதிரி இருக்குண்ணே, நிறுத்தச் சொல்லுங்க."

நான் கடைக்குத் திரும்பி வந்து, இது போதும் என்றேன். எல்லாரும் தங்கள் வீட்டுப் பக்கம் நின்று தேர்ந்தெடுப்பார்கள். நான் அந்தப் பக்கம் நின்று தேர்ந்தெடுத்தேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

சப்வூஃபரை மூலையில் வைத்தால் சத்தம் கூடும் என்று ரூபேந்திரன் சொன்னான். எங்கள் பொதுச் சுவரின் மூலையில் வைத்தேன். பகலில் மட்டும்தான் போடுவேன். ராத்திரியில் போட்டால் குற்றம், போலீஸ் வரும். சாப்பாட்டுக்குப் பிறகு மருந்து போட்டுக்கொண்டு சார் கண்ணயர்கிற நேரம் எனக்குத் தெரியும். அந்த நேரத்துக்குப் படம் போடுவேன். கப்பல் முழுகுகிற படம், பூமி பிளக்கிற படம். மேல் சத்தத்தை நன்றாகக் குறைத்துவிடுவேன், தெருவில் போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அடிச் சத்தம் மட்டும் சுவருக்குள் போகும். எனக்கும் பாட்டு, வசனம் ஒன்றும் கேட்காது. முதுகில் மட்டும் தெரியும். பழைய வேலை இடத்துக்குப் போய் உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

சார் என் வீட்டு கேட்டுக்கு வந்தார். "காளியப்பா, கொஞ்சம் குறையடாப்பா. நெஞ்சு படபடக்குது."

"என்ன சார்? கேக்கல."

"குறை! சத்தத்தைக் குறை!"

"சாப்பிட்டாச்சு சார். நீங்க?"

போனார். திரும்பி வந்தார், அட்டை ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு. தயவு செய்து சத்தத்தைக் குறை என்று இருந்தது. வெயிலில் அதை நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கிட்டே போய், குனிந்து, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன்.

"இது என்ன எழுத்து சார்? இதை நீங்க எனக்குச் சொல்லித் தரலையே."

"விசர்க் கதை கதைக்காதை. பேப்பர் முழுக்க வாசிக்கிறவன் நீ."

"மறந்து போச்சு சார். உங்க ஸ்டூடண்ட் மக்கு."

அவர் அட்டையை இறக்கினார். அப்போதுதான் அவருக்கு விளங்கினது என்று நினைக்கிறேன். அவர் கண் கலங்கினது. உதடு அசைந்தது, ஏதோ நீளமாகச் சொன்னார். மன்னிப்பாகக் கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது. நான் அவர் உதட்டைப் பார்க்கவில்லை, செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலது செருப்பு வார் அறுந்து, கம்பி போட்டுக் கட்டியிருந்தார்.

சனிக்கிழமைகளில் நான் செட்டைப் போட மாட்டேன். அதன் மேல் வள்ளியின் பழைய சேலைத் துணி ஒன்றைப் போர்த்தி வைப்பேன். தர்மினி வந்து என்னைப் பார்த்தது. நல்ல பிள்ளை, என் முகத்துக்கு நேராக நின்று நிதானமாகப் பேசும்.

"அங்கிள், அப்பா நித்திரை கொள்றாரில்லை. பக்கத்து வீட்டில இருந்து நாள் முழுக்க இடி இடிக்குது எண்டு சொல்றார். கை நடுங்குது. அம்மாட படம் சுவரில இருந்து தானா விழுந்ததாம்."

நான் அதை உள்ளே கூட்டிப் போய்ச் செட்டைக் காட்டினேன். தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆம்ப் சில்லென்று இருந்தது.

"எனக்கு எதுக்கும்மா சத்தம்? எப்பவாவது படம் ஓடறதைப் பாப்பேன். அப்பாவுக்கு வயசாகுதுல்ல. தனியா இருக்கிறவங்களுக்குத் தலைக்குள்ளேயே சத்தம் கேக்கும்னு சொல்வாங்க."

தர்மினி தலையைக் குனிந்துகொண்டு, "நானும் அப்பிடித்தான் நினைச்சனான்" என்றது. மூளை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அவர் தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். ஒட்டுக்கடையில் சார் என்னைப் பற்றிச் சொன்னபோது யாரும் நம்பவில்லை. செவிடன் எதற்கு ரேடியோ போடப் போகிறான் என்று சிரித்தார்களாம். தங்கராஜு வந்து சொன்னான், "ஸ்டூடண்ட்டு, உன் வாத்தியாருக்கு மறை கழண்டுருச்சு" என்று. நான் பாவம் என்றேன்.

மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நடக்கும்போது தள்ளாடினார். நான் ஜன்னலில் பார்ப்பேன்.

ஒரு புதன்கிழமை. மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் காலையில் அவர் வீட்டுப் பேப்பர் கேட்டிலேயே நனைந்து கிடந்தது. நான்தான் சாவியைப் போட்டு கிரிலைத் திறந்தேன். சுவரோரமாகப் பக்கவாட்டில் கிடந்தார். டெலிபோன் எதிர்ப்பக்க மேசையில் இருந்தது, நாலு எட்டு வைக்கிற தூரம். வாசல் கதவு அதை விடக் கிட்டே, பூட்டாமல் வெறுமனே சாத்தியிருந்தது. டெலிபோன் பக்கமும் அவர் போகவில்லை, கதவுப் பக்கமும் போகவில்லை. இடுப்பெலும்பு உடைந்திருந்தாலும் ஊர்ந்து போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். ரொம்ப நேரம் உயிரோடு இருந்தாராம். ஏன் அசையாமல் கிடந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை.

போலீஸ்காரர் என்னைக் கேட்டார். காது கேட்காதவன் என்கிற அரசாங்க அட்டையைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். தர்மினி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதது. "அங்கிளுக்குக் கேட்டிருந்தா ஓடி வந்திருப்பீங்கள்." பிறகு அதுவே சொன்னது, அப்பா உங்களைப் பற்றித்தான் எல்லாரிடமும் பெருமையாகப் பேசுவார், நீங்கள்தான் அவருக்காக நாலு வார்த்தை வாசிக்க வேண்டும் என்று. நான் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து நின்று வாசித்தேன். கத்தியிருப்பேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒருத்தரும் என் கையிலிருந்து தாளை வாங்கவில்லை.

அவர் வீட்டில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த சாமான்களில் வள்ளிக்கு நான் எழுதின தாளும் இருந்தது என்று தர்மினி கொண்டுவந்து கொடுத்தது. பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தார். அதை ஏன் அப்படி வைத்திருந்தார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்கிற வேலை என் வேலை இல்லை.

ஆகவே தம்பி, உங்கள் ஹாலுக்கு நடுத்தர ரிசீவர் ஒன்றே போதும். தனி ஆம்ப் வேண்டாம். எட்டு ஓம் ஸ்பீக்கராகப் பாருங்கள். ரிசீவருக்கு மேலே காற்றுப் போக இடம் விடுங்கள். சப்வூஃபரை என் சுவர்ப் பக்கம் வைக்காதீர்கள். எனக்குக் கேட்காது, ஆனால் தெரியும்.

இத்தோடு முடித்திருப்பேன். நேற்று நீங்கள் வாங்கப் போகிற ஸ்பீக்கரை மாட்ட என் பக்கச் சுவரில் ஆணி அடித்தீர்கள். அதனால் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புதன்கிழமை எனக்குக் கேட்கவில்லை என்பது உண்மை. கேட்கவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன், பொய் சொல்லவில்லை. நான் நாற்காலியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். படத்தில் பேச்சு ஓடுகிற இடம், அடிச் சத்தம் இல்லாத இடம். முதுகில் வந்தது. இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக. முதுகின் மேல்பக்கம் இல்லை. கீழே, தரையோரமாக. அவர் விழுந்து கிடக்கிறார் என்று அப்போதே தெரிந்துவிட்டது. சத்தத்துக்காக அவர் தட்டியிருப்பார் என்று நான் நினைத்தேன் என்று சொல்லலாம். சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் அத்தனை மாதத்தில் ஒரு தடவை கூட அவர் சத்தத்துக்காக அந்தச் சுவரைத் தட்டினதில்லை. வெயிலில் அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாரே தவிர, தட்டவில்லை. அந்தத் தட்டை அவர் வேறு எதற்கும் செலவழிக்காமல் வைத்திருந்தார்.

நான் எழுந்து, தரையில் உட்கார்ந்து, அவர் தட்டின அதே உயரத்தில் உள்ளங்கையை வைத்தேன். மறுபடியும் வந்தது. சாவி என் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

திருப்பித் தட்டினேன். இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக.

சுவர் உடனே அமைதியாகிவிட்டது. வருகிறான் என்று நம்பிவிட்டார். அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டாம், ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். அதுதானே பழக்கம். நான் எழுந்து போய்ப் படத்தை முதலிலிருந்து போட்டேன். ஆம்ப் நன்றாகச் சூடேறியிருந்தது, ஆனால் கொஞ்சம் கூடத் திணறவில்லை. நல்ல ஆம்ப் அப்படித்தான் இருக்கும்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மறுபடியும் தட்டினார். பலம் குறைவாக இருந்தது. நான் மறுபடியும் திருப்பித் தட்டினேன். அப்புறம் ஒரு தடவை, விரல் நகத்தால் கீறின மாதிரி. அதற்கும் தட்டினேன். நான் அவரைத் தொடவில்லை, தள்ளிவிடவில்லை, வாயால் ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. போய்த் தூக்கவில்லை, அவ்வளவுதான்.

நேற்று உங்கள் சுத்தியலும் இரண்டு வேகமாக, ஒன்று நிதானமாக விழுந்தது. நீங்கள் தெரியாமல் அடித்தது. ஆனாலும் நான் எழுந்து போய்த் திருப்பித் தட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருக்க எனக்கு வராது, தம்பி.